எந்தப் பக்கம் கனம்?

டயர் கடையில் சக்கரம் ஆடாமல் சுழல வைப்பதில் அவனை அடிக்க ஆளில்லை. ஒரு பக்கம் கனத்தால் எதிர்ப்பக்கம் ஒரு ஈயத்துண்டை ஒட்டிவிடுவான்.

வீட்டிலும் அதே பிழைப்புதான். அன்று சாயங்காலம் உள்ளே நுழையும்போதே அம்மாவும் மனைவியும் மல்லுக்கு நின்றார்கள்.

"பாத்திரம் மலையாட்டம் கிடக்கு. உம் பொண்டாட்டி கண்ணுக்குத் தெரியல" என்றாள் அம்மா.

"உங்கம்மாவுக்குக் கையில சுளுக்கா?" என்றாள் மனைவி. "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். இல்லன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

யார் பக்கம் பேசினாலும் குடும்பம் குடைசாயும்.

"ரெண்டு பேரும் போய் உக்காருங்க. நானே தேய்க்கிறேன்" என்று சட்டைக் கையை மடித்தான். நேற்று துணி துவைத்ததும் இப்படித்தான். அதற்கு முன் ஒட்டடை அடித்ததும் இப்படித்தான்.

கடைசிச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் குழாயை மூடினான். கூடத்தில் சண்டைச் சத்தம் ஓய்ந்திருந்தது. நடுவில் ஈயத்துண்டாக நிற்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கையைத் துடைத்தபடி கதவருகே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"நாளைக்குக் கழிவறை கழுவணும் அத்தை" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"இன்னிக்கு நான் ஆரம்பிச்சேன்ல, நாளைக்கு நீ ஆரம்பிம்மா" என்றாள் அம்மா. "ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான் அவனுக்குச் சந்தேகம் வராது."