கடுகுக்காக ஒரு மௌனம்

"அது கையா, வெண்டைக்காயா? பந்து வழுக்கிக்கிட்டுப் போகுது."

பின்வரிசையிலிருந்து வந்த அந்தக் கரகரத்த குரலைக் கேட்டதும் தையல்காரம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து இதே கூத்து. தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்த ஒரு பெரியவர், மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு, உள்ளூர் மகளிர் கூடைப்பந்து அணியின் கடுகை மட்டும் குறிவைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாத முகம். எதிரணி ஏவிவிட்ட ஆள்தான் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

கடுகு என்பது ரசிகர்கள் வைத்த பெயர். வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கி ஆடுகிறவள். அணியிலேயே குள்ளம், ஆனால் காரத்துக்குக் குறைவில்லை. போன வருட இறுதிப் போட்டியில் கடைசி நேரத்தில் அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. குறுக்கே யாரும் வர மாட்டார்கள், நின்று நிதானமாகக் கூடையில் போட வேண்டியதுதான். எதிரணி ரசிகர்கள் போட்ட கூச்சலில் கை நடுங்கி, இரண்டையும் கோட்டைவிட்டாள். கோப்பையும் போயிற்று. இந்த முறையும் சொதப்பினால் அணியிலிருந்து கல்தாதான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது ஊருக்கே தெரியும்.

அணிக்கு மனப்பயிற்சி கொடுக்க இந்த வருடம் ஒரு சைக்காலஜிஸ்ட் வேறு வந்திருந்தார். கண்ணை மூடி உட்கார்ந்தால் பந்து தானாகப் போய் விழுந்துவிடுமாக்கும் என்று தையல்காரம்மா நொடித்தாள். அணிக்கு ஜெர்சி தைப்பவள் அவள். தோற்ற பிறகு அளவெடுக்கப் போனபோது, கடுகு பாதியாக இளைத்திருந்ததைப் பார்த்துக் கண்கலங்கியவள். அதனால் ரசிகர்களை எல்லாம் திரட்டி, தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தாள். கடுகு ஃப்ரீ த்ரோ போடும்போது அரங்கத்தில் ஒருவர் இருமக்கூடக் கூடாது. இன்று ஆட்டம் சொந்த ஊரில், வந்திருப்பதும் நம்ம கூட்டம். இந்தத் தொப்பிக்காரர் ஒருவர்தான் இடைஞ்சல்.

"பெரியவரே, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு உக்காருங்க," என்றாள் திரும்பி. "சின்னப் பொண்ணு, பயந்துடும்."

"பயந்தா எதுக்கு விளையாட வருது?" என்றவர், மைதானத்தைப் பார்த்து இன்னும் உரக்கக் கத்தினார். "உன்னைப் பெத்தவன் சோறு போட்டானா, வைக்கோலைப் போட்டானா?"

தையல்காரம்மாவின் கணவர் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். பெற்றவரை இழுத்ததும் அவருக்கே பொறுக்கவில்லை, சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஆட்டம் முடியட்டும், அப்புறம் இவரைக் கவனித்துக்கொள்ளலாம் என்று மனைவிதான் இழுத்து உட்கார வைத்தாள்.

ஆட்டம் முடியச் சில நொடிகள். இரண்டு அணியும் சமம். எதிரணிக்காரி ஒருத்தி கடுகை இடித்துத் தள்ள, நடுவர் விசில் ஊதினார். மறுபடியும் இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தால் போதும்.

தையல்காரம்மா கையை உயர்த்தினாள். அரங்கம் கப்சிப்பென்று ஆயிற்று. தொப்பிக்காரர் எழுந்து, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தார். அவ்வளவுதான். தையல்காரம்மா பின்வரிசைக்குத் தாவி, அவர் வாயை இரண்டு கையாலும் பொத்திவிட்டாள். கணவர் தோளைப் பிடித்து அமுக்கினார். மனிதர் திமிறினார், முனகினார், விடுவார்களா? ஊசி விழுந்தால் கேட்டிருக்கும்.

கடுகு பந்தைத் தரையில் தட்டினாள். நிமிர்ந்தாள். ஏனோ சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். எறிந்த பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை.

தையல்காரம்மாவுக்கு உயிரே போய்விட்டது. ஐயோ என்று கைகள் அவளையறியாமல் தலைக்குப் போயின. தொப்பிக்காரருக்கு அது போதுமாக இருந்தது.

"ஏய் கடுகு, இதைக்கூடப் போடத் தெரியாத உனக்கு ஜெர்சி ஒரு கேடா?"

அந்தச் சத்தம் கூரையில் மோதித் திரும்பியது. கடுகின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பந்து உயர எழுந்து, வளையத்தில் படாமல் வலைக்குள் இறங்கியது.

மீதி நொடிகளில் எதிரணியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அரங்கமே எழுந்து ஆடியது. தையல்காரம்மா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே தொப்பிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா, உங்க வாய்க்கு எங்க பொண்ணு பதில் சொல்லிட்டா."

அதற்குள் கடுகு தோழிகளை உதறிவிட்டுப் படிகளில் தாவித் தாவி ஏறி வந்தாள். தையல்காரம்மா ஆசையாக இரண்டு கைகளையும் விரித்தாள். கடுகு அவளைத் தாண்டிப் போய், தொப்பிக்காரரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஏம்ப்பா முதல் பந்துக்குத் திட்டாம விட்டீங்க? சைக்காலஜிஸ்ட் சொன்னபடி வருஷம் பூரா உங்க திட்டை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டேதானே எறிஞ்சு பழகினேன். திடீர்னு அமைதியானதும் கை உதறிடுச்சுப்பா."

தையல்காரம்மா விரித்த கைகளை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.