நீல மணிமாலை

கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் பெண்டாட்டிக்கு மாலை கோத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. கண்ணைப் பறிக்கும் நீலம்!

"கல்யாண நாளுக்கு நானே செஞ்சது. வீடியோ பார்த்தே கத்துக்கிட்டேன்" என்றார் கணவர். விரலெல்லாம் ஊசி குத்திய காயம்.

"மணி எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. வீட்டுல சும்மா கிடந்ததுதான்."

"ஓசி மணி, ஓசி பெயின்ட்! இதைப் போட்டுக்கிட்டு எங்க அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போனா எல்லாரும் கைகொட்டிச் சிரிப்பாங்க. பக்கத்து வீட்டு நாய்க்குத்தான் பொருத்தமா இருக்கும்."

சொன்னதோடு விடவில்லை. அவர் வேலைக்குக் கிளம்பியதும், வேலியோரம் வாலாட்டிய அந்த நாயின் கழுத்தில் மாட்டியும் விட்டாள்.

விசேஷத்துக்கு அவள் போடப்போவதே வேறு. அம்மா அவளுக்கு மட்டும் கொடுத்த முத்துச்சரம்! அக்கா வயிறு எரிய வேண்டாமா? நூல் அறுந்துபோன முத்துக்களை, திருடன் கண்ணில் படாதபடி தையல் டப்பாவில் பொத்தான்களோடு போட்டு வைத்திருந்தாள். கோக்கக் கொடுக்கலாமென்று டப்பாவைக் கவிழ்த்தாள். பொத்தான்கள் மட்டும் உருண்டன.

"என் தையல் டப்பாவைத் தொட்டீங்களா?" போனில் அலறினாள்.

"ஆமா, மணி அங்கதான எடுத்தேன்! அழுதுவடிஞ்சுக்கிட்டு பழுப்பா கிடந்துச்சு. ரெண்டு கோட் அடிச்சதும் எப்படி மின்னுச்சு, பார்த்தியா?"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

அம்மாவின் முத்துக்களை அணிந்துகொண்டு, பக்கத்து வீட்டு நாய் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது.