கத்தாதே, தட்டு

“கையை எடுங்க. எனக்கு மூச்சு முட்டுது” என்றாள் ஷைலஜா.

ரிச்சர்ட் அவள் தோளிலிருந்து இடக்கையை எடுத்துக்கொண்டான். வலக்கை மண்ணுக்குள் புதைந்திருந்தது. தலைக்கு மேலே, இருவரும் ஏறிவந்த நாலு சக்கர பைக் கவிழ்ந்து பள்ளத்தின் வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது.

தங்கவயலில் மாரிகுப்பத்துக்கு வெளியே பெங்களூர்க்காரர் ஒருவர் வேலி போட்டு, மேடும் பள்ளமுமாகப் பாதை வெட்டி, இந்த பைக்குகளை வாடகைக்கு விட்டிருந்தார். தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து, ஸ்கெலட்டன் என்று பேர்பெற்ற தொழிலாளர் வீடுகளில் சிரிப்பே இல்லை. ஒரு நாளாவது சிரித்துவிட்டு வரட்டும் என்று மாதா கோயில் ஃபாதர் பத்து ஜோடிகளைப் பிரியாணி அண்டாவோடு வேனில் ஏற்றி அனுப்பியிருந்தார்.

ரிச்சர்டுக்குச் சிரிப்பு வரவில்லை. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று ஷைலஜா காலையிலிருந்து அவனை நச்சரித்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்பது தெரிந்ததுதானே. வேலை போன புருஷனோடு அங்கே என்ன குப்பை கொட்டுகிறாய், பெங்களூருக்கு வந்துவிடு என்று அவள் அண்ணன் பிரதாப் வாராவாரம் போன் செய்துகொண்டிருந்தான். அவள் போய்விட்டால் தன் கதி என்ன என்று நினைக்கவே ரிச்சர்டுக்குப் பயமாயிருந்தது.

அதனால் அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். அப்பாவின் ஜாவா பைக்கில் “இன்னும் வேகமா” என்று கத்தியே வளர்ந்தவள், இன்று “மெல்லப் போங்க, மெல்லப் போங்க” என்று கெஞ்சினாள். அவன் காதில் வாங்கவில்லை. வேலி அறுந்திருந்த இடத்தில் புகுந்து பழைய சுரங்க நிலத்துக்குள் ஓட்டினான். மண் உள்வாங்கிவிட்டது.

பேச்சுக்குப் பயந்து ஓடியவனுக்கு இப்போது நகரக்கூட இடமில்லை.

“இப்பவாவது கேக்கறீங்களா?”

“மேல போய்ப் பேசிக்கலாம் ஷைலு.”

“மேல போனா நீங்க எங்க நிக்கறீங்க?”

அவன் “மாமா” என்று கத்தப் போனான். அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். “கத்தாதீங்க. மண்ணு சரியும். எங்கப்பா வருவாரு.”

அவள் அப்பா சூசைராஜ் சுரங்கத்தில் மீட்புக் குழுவில் இருந்தவர். இன்று பிரியாணிக்குக் காவலாக வந்திருந்தார். அவள் சொல்லி வாய் மூடவில்லை, மேலே என்ஜின் சத்தமெல்லாம் ஓய்ந்தது. மண்வெட்டி ஒன்று மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. பிறகு யாரோ பைக்கின் இரும்பில் கல்லால் படபடவென்று தட்டினார்கள்.

தங்கவயல் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாறை சரிந்து ஆள் மாட்டிக்கொண்டால், வெளியே இருப்பவர்கள் இப்படித்தான் தட்டிக் கேட்பார்கள். உள்ளே எத்தனை உயிர் இருக்கிறதோ, பதிலுக்கு அத்தனை தட்டுத் தட்ட வேண்டும்.

ஷைலஜாவுக்குத்தான் பைக் எட்டியது. ஒரு கல்லை எடுத்துத் தட்டினாள். டங். டங். டங்.

மேலே மண்வெட்டி நின்றுபோனது. சற்றுப் பொறுத்து சூசைராஜ் மறுபடியும் தட்டிக் கேட்டார். அவள் மறுபடியும் மூன்றே தட்டினாள், முன்னைவிட அழுத்தமாக. உடனே மேலே ஒன்றுக்கு நாலு மண்வெட்டிகள் பரபரத்தன.

ரிச்சர்டுக்கு ஆத்திரமாக வந்தது. “இன்னா ஷைலு, பயத்துல கணக்கு மறந்துபூட்டியா? ரெண்டு பேருக்கு மூணு தட்டினா, மாமா இல்லாத ஆளைத் தேடிக்கினு இருப்பாரு.”

ஷைலஜா கல்லைக் கீழே போட்டாள். அவன் தப்பித்துப் போக இந்தத் தடவை வழியில்லை.

“உள்ள மூணு பேருதாங்க இருக்கோம்.”