பூப்போட்ட பக்கம்

ஸ்டிரைக்கின் பன்னிரண்டாம் நாள் பிற்பகல், அம்பத்தூர் எஸ்டேட்டில் மிஷின் சத்தமே இல்லை. பேச்சுவார்த்தை மேஜையில், கையெழுத்தாகாத ஒப்பந்தத்தின் பக்கத்தில், தன் ஊரின் முந்நூறு வருடத் தேநீர் வீட்டின் படத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, கம்பெனி தரப்பில் வந்த ஜப்பான் என்ஜினீயர் நிஷிமுரா பச்சைத் தேயிலைத் தூளை வெந்நீரில் நுரைக்க அடிக்கிறார். கிண்ணத்தை இரண்டு முறை திருப்பி, பூப்போட்ட பக்கம் யூனியன் தலைவர் துலுக்கானத்தைப் பார்க்கும்படி நீட்டுகிறார்.

"தனக்கு ஊத்திக்கலியே, கவனிச்சியா அண்ணாத்தே," என்கிறாள் பேக்கிங் செக்‌ஷன் குப்பம்மா.

"இந்தப் பக்கம் இன்னாத்தியோ தடவி வச்சிக்கீறான்," என்று முணுமுணுத்த துலுக்கானம், கிண்ணத்தைத் திருப்பி மறுபக்கத்தில் வாய் வைக்கிறார். நிஷிமுராவின் முகம் மலர்கிறது. ஜப்பானியர் தேநீர் முறைப்படி விருந்தாளி அப்படித் திருப்பித்தான் குடிக்க வேண்டும். எழுந்து இடுப்பு வளைய வணங்குகிறார்.

இவ்வளவு சந்தோஷம் எதற்கு என்று பார்த்தபடி, துலுக்கானம் வாயில் இருப்பதை விழுங்காமல் வைத்திருக்கிறார்.