வாஷிங்டனுக்குப் போகும் குரல்

“அமெரிக்காக்காரங்க மாதிரி தங்கமான மனுஷங்களை நான் பார்த்ததே இல்ல மேடம்” என்றார் பன்னீர்செல்வம். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. கேம்ப் இன்ஸ்பெக்ஷனுக்கு நிற்பவர் போல ரெக்கார்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் அவர் வேலை பார்க்கும் கராஜின் பின்னறை அது. அதற்கு முன் குவைத்தில், அமெரிக்க ராணுவ முகாமின் மெஸ்ஸில் பல வருஷம் சமைத்தவர். அமெரிக்க வரலாற்றில் இவரைப் போன்றவர்களுக்கும் இடம் வேண்டும் என்று அந்த ஊர்ப் பேராசிரியர் ஒருவர் அரசாங்க நிதி வாங்கியிருந்தார். குரல்களைப் பதிவு செய்யும் வேலை துபாயிலிருக்கும் ஜெயபாரதிக்கு.

அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. காலையில்தான் பேராசிரியர் போன் செய்திருந்தார். அரசாங்கம் நிதியை நிறுத்திவிட்டது, திட்டமே ரத்து. அதைச் சொல்லத்தான் வந்தாள். லீவு போட்டுவிட்டு, டீயும் சமோசாவும் வாங்கி வைத்துக் காத்திருந்தவரைக் கண்டதும் வாய் வரவில்லை. போதாக்குறைக்கு, பழக்க தோஷத்தில் ரெக்கார்டரை வேறு போட்டுத் தொலைத்தாள்.

“இதை அங்க கவர்மென்ட் ஆளுங்க கேப்பாங்கதானே மேடம்?”

“ம்” என்றாள். இன்னொரு பொய்.

“அப்ப நல்லாப் பதியட்டும். சாப்பாடு, ரூம், சம்பளம் எல்லாம் டைமுக்கு வந்துரும். என் மச்சான் ஐயப்பன் இப்பவும் அந்த மெஸ்லதான் இருக்கான். அவனும் சந்தோஷமா இருக்கான்னு சேத்துக்குங்க.”

“கஷ்டம்னு எதுவுமே இல்லையாண்ணா?”

“மாஃபி மேடம்” என்று அரபியில் கையை விரித்தார். “ஒரு குறையும் இல்ல.”

அவர் சொல்லச் சொல்ல அவளுக்கு, ஒரு மனிதரின் நல்ல நினைவுகளை எல்லாம் கேட்டு வாங்கிக் குப்பையில் போடப் போகிறோமே என்று மனசு அறுத்தது. அதற்கு மேல் முடியாமல் ரெக்கார்டரை அணைத்தாள்.

“என்னை மன்னிச்சிடுங்கண்ணா. அமெரிக்காவுல பணத்தை நிறுத்திட்டாங்க. நீங்க பேசினது அங்க போகாது. முதல்லயே சொல்லாம உங்களை இவ்வளவு நேரம் பேச வெச்சது என் தப்புதான்.”

பன்னீர்செல்வம் அவளையே பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அந்தக் கவர்மென்ட்டு காதுக்குப் போகவே போகாதா?”

“போகாதுண்ணா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்பப் போடுங்க ரெக்கார்டரை. நடந்ததைச் சொல்றேன்.”