உயில் பார்த்த வைத்தியம்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரால் நம்பவே முடியவில்லை.

"சர்க்கரை, பிரஷர் ரெண்டும் இறங்கியிருக்கே! புது மருந்தா, பெரியவரே?"

"மூணு மாசம் முன்னாடி உயில் எழுதினேன், டாக்டர்."

"அப்படிச் சொல்லுங்க. மனசுல இருந்த பாரம் இறங்கிடுச்சு!"

"பாரமாவது ஒண்ணாவது! விடிஞ்சதும் மருமக எழுப்பி வாக்கிங் கூட்டிட்டுப் போறா. சீனி டப்பாவை மகன் பூட்டியே வெச்சுட்டான். நான் ஒரு தும்மல் போட்டா ரெண்டு பேரும் ஓடி வர்றாங்க."

கதவுக்கு வெளியே அந்த இருவரும் அவருடைய குடையோடு கவலையாக நின்றிருந்தார்கள். போன தடவை பெரியவர் தனியாகத்தான் பஸ் ஏறி வந்திருந்தார்.

"வீட்டை அவங்களுக்கே எழுதிட்டீங்களாக்கும்?"

பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"தெருக்கோடி லைப்ரரிக்கு எழுதி, அவங்களுக்கும் படிச்சுக் காட்டிட்டேன். என் மூச்சு இருக்கிற வரைக்கும்தான் அவங்க அந்த வீட்டுல இருக்கலாம்."