ஜெயராணியின் வீட்டுக்காரர்

"எங்க வீட்டுக்காரரும் குடிதான் புஷ்பா. நேத்துகூட கை நீட்டிட்டாரு" என்றாள் ஜெயராணி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்ரீமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காலையில்தான் ஸ்ரீமுஷ்ணத்தில், சின்ன வயசில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம், "எனக்கும் அவரு போயிட்டாரும்மா" என்று சொல்லியிருந்தாள் இதே ஜெயராணி.

ஸ்ரீமதி, சிதம்பரத்தில் சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண்கள் உதவி மையத்தில் வேலை பார்க்கும் ஜெயராணியோடு பயிற்சிக்காக அவளை அனுப்பியிருந்தார்கள்.

கீரப்பாளையத்துப் புஷ்பவள்ளி அதுவரை, பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகவே சாதித்துக்கொண்டிருந்தாள். இப்போது மெல்ல நிமிர்ந்தாள்.

"உங்களையுமா மேடம்?"

"என்னையும்தான்."

புஷ்பவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் ஜாஸ்தி. எப்படியோ இடம் கிடைத்து உட்கார்ந்ததும் ஜெயராணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்ரீமதியால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், உங்க வீட்டுக்காரரு குடிக்கிறாரா, இல்ல, இறந்துட்டாரா?"

"ரெண்டும் இல்ல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"களைப்பா இருக்கு ஸ்ரீமதி. அப்புறம் பேசலாமே."

"எங்கப்பா நெஜமாவே குடிச்சாரு மேடம். எங்கம்மா நெஜமாவே அடி வாங்குனாங்க. ஏன்னு கேக்க ஒரு ஆள் வரல. அதனாலதான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். நீங்க அந்த வலிய எடுத்து வேஷம் போடறீங்க."

ஜெயராணி கண்ணைத் திறந்தாள். கோபம் எதுவும் தெரியவில்லை.

"ஆமா. தப்புதான்."

"எங்க காலேஜ் சார்கிட்ட சொல்லத்தான் போறேன்."

"சொல்லு. வேலைய விட்டுப் போன்னு சொன்னா, கொஞ்ச நாள் நல்லாத் தூங்குவேன்."

ஜெயராணி மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஸ்ரீமதியே கேட்டாள்.

"ஒரு கஷ்டமும் படாதவங்க எதுக்கு மேடம் இந்த வேலைக்கு வந்தீங்க?"

"எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. சொல்லிக்க எங்கிட்ட ஒரு கதையும் இல்ல. எங்கப்பா எங்கம்மாவ ஒரு தடவகூட அதட்டிப் பேசுனதில்ல. எல்லா வீடும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டே வளந்துட்டேன். காலேஜ் சேர்ந்தப்புறம்தான் கூடப் படிச்ச புள்ளைங்க சொல்லித் தெரிஞ்சுது, அப்படி இல்லன்னு. தெரிஞ்சப்புறம் சும்மா உக்காந்திருக்க முடியல. அவ்வளவுதான்."

"இத அவங்ககிட்டயே சொல்லலாமே."

"ஆரம்பத்துல சொன்னேன். 'உங்களுக்கென்ன மேடம், குடுத்து வெச்சவங்க'ன்னு எழுந்து உள்ள போயிட்டாங்க. அப்படிப் போன ஒருத்திய அப்புறம் ஆஸ்பத்திரியிலதான் பாத்தேன். பேச்சு மூச்சு இல்ல."

சிதம்பரம் வந்துவிட்டது. இறங்கி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்துச் சந்துக்குள் நடந்தாள் ஜெயராணி. ஸ்ரீமதியின் ஹாஸ்டலுக்கும் அதுதான் வழி.

சந்தில் ஒருவர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஜெயராணியின் தோளிலிருந்த பையை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"சாதம் வடிச்சிட்டேன். கால் ஊற வெக்க வெந்நீரும் போட்டுட்டுத்தான் வந்தேன். முகமே சரியில்லையே."

"இது எழிலன். எங்க வீட்டுக்காரரு" என்றாள் ஜெயராணி. "இரு ஸ்ரீமதி, மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன்." எதிரே இருந்த மெடிக்கலுக்குப் போனாள்.

ஸ்ரீமதிக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"சார், பஸ் ஸ்டாண்டுலயே நிக்கலாமே. ஏன் இந்தச் சந்துல?"

"அங்க நின்னா, அவ போய்ப் பாத்துட்டு வர்ற பொம்பளைங்க யாராவது என்னைப் பாத்துடுவாங்க."

"மேடம் உங்களைப் பத்தி வெளிய என்ன சொல்றாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"கஷ்டமா இல்லையா?"

எழிலன் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்.

"போன மாசம் வேற ஒரு ஊர்ல அவளை எறக்கிவிடப் போனேன். ஒரு அம்மா வேகமா வந்து என் வண்டிய மறிச்சுக்கிட்டாங்க. கையில இன்னும் கட்டு இருந்துச்சு. தன் புருஷன் எதுக்க வாயே தொறக்காதவங்களாம், அப்புறம் இவ சொன்னா. அன்னைக்கு அத்தன பேர் நடுவுல என்னைப் பாத்துக் கேட்டாங்க, 'இப்படிப்பட்டவங்களைப் போய் அடிக்கிறியே, நீயெல்லாம் மனுஷனா'ன்னு."

"ஐயோ. நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"தலையக் குனிஞ்சுக்கிட்டு, 'இனிமே அடிக்க மாட்டேம்மா'ன்னு சொன்னேன்."